நாள் முழுவதும் திரையில் தமிழ் படிப்பவர்களுக்கு: மானிட்டர் வாங்கும் வழிகாட்டி

மெய்ப்பு பார்ப்பவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், பக்க வடிவமைப்பாளர்கள், வீட்டிலிருந்து தட்டச்சு செய்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மானிட்டர் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி விளையாட்டுப் பிரியர்களுக்கும் படம் பார்ப்பவர்களுக்கும் உரியது. காலை முதல் மாலை வரை எழுத்தை மட்டுமே பார்க்கிறவருக்கு அது பொருந்தாது. நான் டிஎன், விஏ, ஐபிஎஸ், ஓஎல்இடி ஆகிய நான்கு வகைத் திரைகளிலும் மெய்ப்பு பார்த்திருக்கிறேன். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களில் எவை நமக்கு உதவும், எவை உதவாது என்பது கடைக்கும் சேவை மையத்துக்கும் அலைந்த பிறகுதான் புரிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் படிப்பதற்கு எழுத்தின் கூர்மையும் ஒளியின் நிதானமும்தான் முக்கியம். நிறம், வேகம், வளைவு எல்லாம் அதற்குப் பிறகு.

1. மேசையையும் கணினியையும் பார்த்துக்கொள்ளுங்கள்

நாற்காலியில் வழக்கமாக உட்காரும்படி உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை வரப்போகும் இடம் வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 50 முதல் 70 சென்டிமீட்டர் இருந்தால் 24 அல்லது 27 அங்குலம் போதும். சுவரை ஒட்டிய குறுகிய மேசையில் 32 அங்குலத் திரையை வைத்தால் ஓரங்களைப் படிக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜன்னல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பளபளப்பான திரை வேண்டவே வேண்டாம். மங்கல் பூச்சுள்ள திரையை வாங்குங்கள். மேசையைத் திருப்பி ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி செய்ய முடியுமானால் அதையும் இப்போதே செய்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் கணினியின் போர்ட்டுகளைப் படம் எடுத்து, மாடல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் இந்தப் படம் மிகவும் பயன்படும். காரணம் ஐந்தாம் படியில் வருகிறது.

2. அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்று பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் கவனமாகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

திரையின் அங்குல அளவு மட்டும் எதையும் சொல்லாது. 1920 x 1080 புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்ட முழு எச்டி திரை 24 அங்குலமாக இருந்தால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் சுமார் 82 ஆகக் குறைந்துவிடும். 27 அங்குலத்தில் 2560 x 1440 என்றால் சுமார் 109. 27 அங்குலத்தில் 4கே, அதாவது 3840 x 2160, என்றால் சுமார் 163. 32 அங்குலத்தில் 4கே என்றால் 140-ஐ ஒட்டி வரும். 32 அங்குலத்தில் 2560 x 1440 வாங்கினால் மீண்டும் 92-க்கே வந்துவிடுவீர்கள். பெரிய திரை, அதிகப் புள்ளி என்று நம்பிப் பலர் ஏமாறும் இடம் இது.

ஆங்கில எழுத்துக்கு 82 புள்ளிகள் ஓரளவு போதும். தமிழுக்குப் போதாது. நம் எழுத்துகளில் ஒரு சிறு சுழியும் ஒரு சிறு புள்ளியும் பொருளையே மாற்றிவிடும். ‘கொடு’வும் ‘கோடு’ம் கொம்பின் தலையில் இருக்கும் ஒரு சுழியால் வேறுபடுகின்றன. ‘பிடி’யும் ‘பீடி’யும் அப்படியே. எ-ஏ, ஒ-ஓ ஆகிய இணைகளைப் பிரிப்பது அடியில் வரும் ஒரு சிறு கோடோ சுழியோதான். ‘எண்ணம்’, ‘என்னும்’ ஆகியவற்றில் மூன்று சுழியா, இரண்டு சுழியா என்று கண் எண்ண வேண்டும். 27 அங்குல முழு எச்டி திரையில் 10 அல்லது 11 பாயின்ட் அளவு எழுத்தில் மெய்ப்பு பார்த்தபோது, மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டது. கண் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை படித்தது. மாலையில் வந்த தலைவலிக்கு வெளிச்சத்தைக் குறைத்தும் பலன் இல்லை. அதே கோப்பை 4கே திரையில் திறந்ததும் அந்த மறுபடிப்பு நின்றுவிட்டது.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். கீழ்க்காணும் சொற்களை ஒரு கோப்பில் 9, 10, 11, 12 பாயின்ட் அளவுகளில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எண்ணம், என்னும், கொடு, கோடு, பெண், பேண், பிடி, பீடி, இங்ஙனம், ஞாயிறு, ஔவை, ஸ்ரீரங்கம், லக்ஷ்மி. கடையில் அதை 100 விழுக்காடு அளவில் திறந்து, வீட்டில் அளந்துவைத்த தூரத்தில் நின்று படியுங்கள். எந்த அளவில் சுழிகள் கலங்குகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் அளவில் கலங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தத் திரை வேண்டாம்.

என் பரிந்துரை: பணம் குறைவு என்றால் 24 அங்குல முழு எச்டி. கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடியும் என்றால் 27 அங்குலத்தில் 2560 x 1440. தினமும் தமிழ் படித்தே பிழைக்கிறீர்கள் என்றால் 27 அங்குல 4கே. 27 அங்குல முழு எச்டி மட்டும் வேண்டாம். கடைகளில் அதிகம் முன்வைக்கப்படுவது அதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

4கே வாங்கினால் விண்டோஸில் அளவுப்பெருக்கத்தை 150 விழுக்காடாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்து எறும்பு அளவுக்குத் தெரியும். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் சில இந்தப் பெருக்கத்தில் மங்கலாகத் தெரியும். அந்த மென்பொருளின் குறியின்மேல் வலது சொடுக்கி, பண்புகளில் பொருந்துதல் பகுதிக்குச் சென்று, உயர் டிபிஐ அமைப்பை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேக் பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2018-இல் வந்த மேக்ஓஎஸ் மொஹாவே பதிப்பிலிருந்து, குறைந்த புள்ளியுள்ள திரைகளில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீல உட்புள்ளிகளைக் கொண்டு எழுத்தைக் கூர்மையாக்கிக் காட்டிய முறையை ஆப்பிள் விட்டுவிட்டது. அதனால் விண்டோஸில் நன்றாகத் தெரியும் அதே 92 புள்ளித் திரை மேக்கில் மங்கலாகத் தெரியும். மேக்குக்கு 4கே-க்குக் கீழே போகாதீர்கள்.

3. பேனல் வகையைத் தேர்ந்தெடுங்கள்

டிஎன்: பழைய அலுவலகங்களிலும் பயன்படுத்திய பொருள் விற்கும் கடைகளிலும் இன்னும் கிடைக்கிறது. நேராகப் பார்த்தால் படிக்கலாம். சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தால் திரையின் மேல்பகுதி இருண்டும் கீழ்ப்பகுதி வெளுத்தும் போகும். ஒரே பக்கத்தின் மேல்வரியும் கீழ்வரியும் வேறு வேறு அழுத்தத்தில் தெரிவதால், தடித்த எழுத்து எது, சாதாரண எழுத்து எது என்றே தடுமாற்றம் வரும். இலவசமாகக் கிடைத்தால்கூட மெய்ப்பு வேலைக்கு இதை நான் ஏற்கமாட்டேன்.

விஏ: கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு 3000:1 அல்லது அதற்கும் மேல் இருக்கும். ஐபிஎஸ்ஸில் வழக்கமாக 1000:1 அளவுதான். எனவே காகிதத்தில் பார்த்தால் விஏ முந்தி நிற்கிறது. ஆனால் பகல் வெளிச்சமோ டியூப்லைட்டோ உள்ள அறையில் இந்த மேன்மை பெரும்பாலும் மறைந்துவிடும், திரையில் படும் ஒளியே கறுப்பைச் சாம்பலாக்கிவிடுவதால். இருட்டுப் பின்னணியில் வேலை செய்பவர்களுக்கு விஏவில் வேறொரு தொல்லை உண்டு. பக்கத்தை உருட்டும்போது எழுத்துகள் பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டு போகும். இருண்ட நிறங்களுக்கு இடையே மாற இந்தப் பேனல் அதிக நேரம் எடுத்துக்கொள்வதே காரணம். நான் இரவில் கறுப்புப் பின்னணியில் நீண்ட கட்டுரைகளை உருட்டிப் படிப்பவன். எனக்கு இது ஒத்துவரவில்லை. வெள்ளைப் பின்னணியில் மட்டும் வேலை செய்து, மாலையில் படமும் பார்ப்பவருக்கு விஏ நல்ல தேர்வுதான். வளைந்த திரைகளில் பெரும்பாலானவை விஏ. நேர்கோடுகள், அட்டவணைகள், பக்க வடிவமைப்பு உள்ள வேலைக்கு வளைவை எடுக்காதீர்கள்.

ஐபிஎஸ்: எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் எழுத்தின் அழுத்தம் மாறாது. அருகில் ஒருவரை உட்காரவைத்துப் பிழைகளைக் காட்டும்போது இருவருக்கும் ஒன்றுபோலத் தெரியும். குறை என்னவென்றால், இருட்டறையில் கறுப்புத் திரையின் மூலைகளில் ஒரு வெளிறிய ஒளி தெரியும். தலையை நகர்த்தும்போது அந்த ஒளியும் நகர்ந்தால் அது ஐபிஎஸ்ஸின் இயல்பு. அதற்காகப் பொருளை மாற்றித் தரமாட்டார்கள், மாற்றினாலும் போகாது. தலையை எங்கே நகர்த்தினாலும் அதே இடத்தில் மஞ்சளாகக் கசிந்து நின்றால் அது பின்னொளிக் கசிவு, அதாவது திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கின் ஒளி கசிவது, பொருளின் குறை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மாற்றிக் கேட்கும்போது உதவும். நான் இன்று தினமும் பயன்படுத்துவது ஐபிஎஸ். புதிதாக வாங்குகிற எவருக்கும் நான் முதலில் சொல்வதும் இதுதான்.

ஓஎல்இடி: நண்பர் ஒருவரின் திரையில் சில காலம் வேலை செய்தேன். படம் பார்க்க இதற்கு இணை இல்லை. ஆனால் எழுத்து வேலைக்குத் தயங்க இரண்டு காரணங்கள் உண்டு. இதுவரை பரவலாக விற்ற ஓஎல்இடி மானிட்டர்களில் சிவப்பு, பச்சை, நீல உட்புள்ளிகள் வழக்கமான வரிசையில் இல்லை. விண்டோஸின் எழுத்துக் கூர்மை முறை அந்த வழக்கமான வரிசையை நம்பியே வேலை செய்கிறது. விளைவாக எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வண்ணக் கோடு தெரியும். 4கே அளவில் இது குறையும், 109 புள்ளிகளில் என் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. இரண்டாவது காரணம் நிலைத்த வடு. நாள் முழுவதும் அசையாமல் நிற்கும் பணிப்பட்டையும் கருவிப்பட்டையும் ஆண்டுகள் போகப்போகத் திரையில் தடம் பதிக்கலாம். வாங்கியே தீருவதென்றால், வாரன்டி இந்த வடுவையும் உள்ளடக்குகிறதா என்று எழுத்தில் பாருங்கள். சில நிறுவனங்கள் உள்ளடக்குகின்றன. இன்னொன்று, நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுவோம். ஓஎல்இடி திரை அணைந்த பிறகு சில நிமிடங்கள் தன்னைத் தானே சமன்செய்துகொள்ளும். அதற்கு மின்சாரம் தேவை. மானிட்டர் பொத்தானை அழுத்தியதும் சுவர் ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

4. ஒளி துடிக்கிறதா என்று சோதியுங்கள்

சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்கப் பின்னொளியை மிக வேகமாக அணைத்து அணைத்து ஏற்றும். கண்ணுக்கு நேராகத் தெரியாது. ஆனால் சிலருக்குக் கண் எரிச்சலும் தலைவலியும் தரும். எனக்குத் தரும்.

கைபேசி கேமராவில் மெதுவியக்கப் பதிவை (ஸ்லோ மோஷன்) தேர்ந்தெடுத்து, வெள்ளைத் திரையைப் படம் பிடியுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் ஒளி துடிக்கிறது என்று பொருள். இதில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் எல்லாத் திரைகளும் முழு வெளிச்சத்தில் இருக்கும், அப்போது பட்டை தெரியாது. வெளிச்சத்தை 30 விழுக்காட்டுக்குக் குறைத்துவிட்டுப் படம் பிடியுங்கள். கடைக்காரர் குறைக்க விடவில்லை என்றால் வீட்டுக்கு வந்த முதல் நாளே செய்துவிடுங்கள். ஓஎல்இடியில் மெல்லிய கோடு ஒன்று ஓடுவது அதன் இயல்பு, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

5. வயரும் போர்ட்டும்

4கே திரை வாங்கிய பலர் சுட்டி தயங்கித் தயங்கி நகர்வதாகக் குறைப்படுவார்கள். பெரும்பாலும் திரைமேல் குற்றம் இல்லை. எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 60 முறை அனுப்ப எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 வேண்டும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது 1.4. முதல் படியில் குறித்த மாடல் எண்ணை வைத்து இதைத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டே 4கே-க்குப் பணம் கொடுங்கள்.

யுஎஸ்பி-சி போர்ட் இருந்தால் படம் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். சில போர்ட்டுகள் மின்னூட்டமும் தரவும் மட்டுமே தரும். போர்ட்டின் பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட் குறியோ மின்னல் குறியோ இருந்தால் பெரும்பாலும் படம் போகும். கைபேசியோடு வந்த யுஎஸ்பி-சி வயரில் பெரும்பாலும் படம் போகாது. மடிக்கணினிக்கு மின்னூட்டமும் அதே வயரில் வர வேண்டுமானால், மானிட்டர் எத்தனை வாட் தருகிறது என்று பாருங்கள். 65 வாட் வேண்டிய கணினிக்கு 15 வாட் தரும் திரை உதவாது.

6. செலவைக் கணக்கிடுங்கள்

விலை மாதந்தோறும் மாறும். நான் பார்த்தவரையில் தோராயமாக: 24 அங்குல முழு எச்டி ஐபிஎஸ் ரூ.7,000 முதல் 11,000 வரை. 27 அங்குல 2560 x 1440 ஐபிஎஸ் ரூ.14,000 முதல் 24,000 வரை. 27 அங்குல 4கே ஐபிஎஸ் ரூ.20,000 முதல் 40,000 வரை. ஓஎல்இடி இதற்கு மேல்.

இதோடு சேரும் சில்லறைச் செலவுகளை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெட்டியில் எச்டிஎம்ஐ வயர் மட்டும் இருந்தால் டிஸ்ப்ளே போர்ட் வயருக்குத் தனியாக ரூ.500 முதல் 1,500 வரை. மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் பிளக் பலகைக்கு ஏறக்குறைய ரூ.1,000. மழைக்கால மின்வெட்டில் மின்சாரம் திரும்பி வரும் நேரத்தில் பழுதானால் வாரன்டி பெரும்பாலும் கைவிட்டுவிடும் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். பல மலிவு மானிட்டர்களின் தாங்கியில் உயரம் கூட்டிக் குறைக்க முடியாது. அப்படியானால் கை தாங்கி (மானிட்டர் ஆர்ம்) ஒன்றுக்கு ரூ.1,500 முதல் 5,000 வரை ஆகும். அதற்குத் திரையின் பின்னால் வெசா (VESA) எனப்படும் தாங்கி பொருத்தும் துளைகள், பொதுவாக 100 x 100 மில்லிமீட்டர், இருக்கின்றனவா என்று பாருங்கள்.

‘வட்டியில்லாத் தவணை’ என்று போட்டிருந்தாலும் அந்த வட்டித்தொகையின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியை வங்கி உங்களிடம் வாங்கும். செயல்பாட்டுக் கட்டணமும் தனியாக வரலாம். தொகை பெரிதல்ல, ஆனாலும் தெரிந்திருக்கட்டும்.

படத்தின் ஒளியையும் இருளையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆர் என்ற எழுத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். குறைந்த விலை மானிட்டர்களில் அது அந்த வகைச் சமிக்ஞையை ஏற்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. எழுத்து வேலையின்போது அதை அணைத்தே வைக்க வேண்டியிருக்கும்.

7. எங்கே, எப்போது வாங்குவது

சென்னையில் இருப்பவர்களுக்கு மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. அங்கே பெரிய நன்மை, மேலே சொன்ன பிடிஎஃப் சோதனையைத் திரைமுன் நின்று செய்யலாம் என்பது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை மாலை நெரிசல். வார நாளில் முற்பகலில் போனால் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும். விலை பேசும்போது ‘பில் இல்லாமல்’ ஒரு விலை சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

இணையத்தில் வாங்கினால் விலை பெரும்பாலும் குறைவு, ஆனால் தொட்டுப் பார்க்க முடியாது. கடையில் பார்த்துவிட்டு அதே மாடலை இணையத்தில் வாங்கும்போது மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினால் பேனலே வேறாக இருக்கலாம். விற்பவர் பெயரையும் பாருங்கள். மாற்றித் தரும் காலக்கெடு, பொதுவாக ஏழு நாள், ‘திருப்பித் தரலாம்’ என்பதா, ‘அதே பொருளாக மாற்றித் தருவோம்’ என்பதா என்று படியுங்கள். பல மானிட்டர்களுக்கு இரண்டாவதுதான்.

ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டியும் ஜனவரியிலும் விலை இறங்கும். அப்போது வாங்குவதானால் ஒன்றைத் திட்டமிடுங்கள்: பொருள் வந்து சேர்ந்த நாளிலிருந்து காலக்கெடு ஓடத் தொடங்கும். பண்டிகைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஏழு நாளும் முடிந்திருக்கும். ஊரில் இருக்கும் வாரத்தில் வந்து சேரும்படி ஆர்டர் செய்யுங்கள்.

8. பில்லில் என்னென்ன இருக்க வேண்டும்

கடையை விட்டு நகரும் முன் பில்லைப் படியுங்கள். உங்கள் பெயர், தேதி, விற்பவரின் ஜிஎஸ்டி எண், மாடல் எண், மானிட்டரின் வரிசை எண் ஆகியவை இருக்க வேண்டும். வரிசை எண் இல்லாவிட்டால் கையால் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்து வரி உள்ளீட்டுச் சலுகை வேண்டுமானால் உங்கள் எண்ணை வாங்கும்போதே பில்லில் ஏற்றுங்கள். பிறகு மாற்றச் சொன்னால் இழுத்தடிப்பார்கள்.

வாரன்டி பில் தேதியிலிருந்து கணக்கிடப்படும். பில் தொலைந்தால் வரிசை எண்ணை வைத்துத் தயாரித்த தேதியிலிருந்து கணக்கிட்டுச் சில மாதங்களைக் குறைத்துவிடுவார்கள். எனவே அன்றே படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். மூன்று ஆண்டு வாரன்டி பரவலாகக் கிடைக்கிறது. ஓராண்டு மட்டும் தருபவரிடம் விலை எவ்வளவு குறைகிறது என்று பார்த்து முடிவெடுங்கள். வீட்டுக்கு வந்து சரிசெய்வார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதும் முக்கியம். மாவட்டத் தலைநகருக்கு வெளியே இருப்பவர்கள் அருகில் எந்த ஊரில் சேவை மையம் என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

மானிட்டரின் பின்பக்க ஒட்டுச்சீட்டில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குறியும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்த அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை இட்டுச் சரிபார்க்கலாம். எண்ணே இல்லாத திரை என்றால் இந்தியாவில் விற்பதற்காக வந்ததல்ல, வாரன்டியும் கிடைக்காது.

9. பெட்டியைத் திறக்கும் நாள்

முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, முகவரிச் சீட்டு, ஒட்டுநாடா, வரிசை எண் எல்லாம் தெரியும்படி இடையில் நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். திரையின் கண்ணாடியில் விரலால் அழுத்திப் பிடித்துத் தூக்காதீர்கள். மெத்தைமேல் துண்டை விரித்து, முகம் கீழாக வைத்துத் தாங்கியைப் பொருத்துங்கள். விரிசல் இருந்தால் அந்த நாளே தெரிவியுங்கள். உடைந்த பொருளுக்குக் காலக்கெடு ஏழு நாளைவிட மிகக் குறைவாக இருக்கும்.

அரை மணி நேரம் திரை ஓடிய பிறகு முழுத்திரையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் நிறங்களை ஒவ்வொன்றாக நிரப்பிப் பாருங்கள். கறுப்பில் ஒளிரும் புள்ளியும் கசிவும் தெரியும். வெள்ளையில் செத்த புள்ளி, அதாவது ஒளிராத புள்ளி, தெரியும். சாம்பலில் கறையும் பட்டையும் தெரியும், எல்லோரும் விட்டுவிடும் சோதனை இது. மெய்ப்பு பார்ப்பவருக்குச் செத்த புள்ளி பெரிய தொல்லை. திரையின் நடுவில் ஒன்று இருந்தால் அது எழுத்தின்மேல் புள்ளியாகவே தெரியும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு புள்ளிகள் செத்திருந்தால் தயாரிப்பாளரின் வாரன்டி பெரும்பாலும் ஏற்காது. ஐஎஸ்ஓ 9241-307 என்ற தரவிதி குறைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பிலும் பத்து லட்சம் புள்ளிகளுக்கு இத்தனை வரை ஏற்கத்தக்கது என்று வைத்திருக்கிறது. முழு எச்டி திரையிலேயே 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் உள்ளன. எனவே புள்ளிக் குறைக்கு உங்களுக்கு இருக்கும் நல்ல வழி விற்பவரின் ஏழு நாள்தான்.

அடுத்த இரண்டு நாளும் உங்கள் உண்மையான வேலையை அதில் செய்யுங்கள். ஒரு பகல், ஓர் இரவு கட்டாயம். ஐயம் இருந்தால் ‘பழகிவிடும்’ என்று விடாதீர்கள்.

10. அமைப்புகளைச் சரிசெய்யுங்கள்

திரை மோசம் என்று முடிவுகட்டும் முன் இவற்றைச் செய்துபாருங்கள். என்னிடம் குறை சொன்னவர்களில் பலருக்கு இதிலேயே தீர்ந்திருக்கிறது.

வெளிச்சம்: பெட்டியிலிருந்து வரும்போது மிக அதிகமாக இருக்கும். ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே வெண்மையாகத் தெரியும்வரை குறையுங்கள். இரவில் மீண்டும் குறைக்க வேண்டும்.

கூர்மை: மானிட்டரின் பட்டியலில் இருக்கும் கூர்மை அளவைக் கூட்டாதீர்கள். கூட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு வந்து சுழிகளை அடைத்துவிடும். தயாரிப்பாளர் வைத்த நடு அளவே சரி.

வண்ண முறை: எச்டிஎம்ஐ வழியாக இணைத்தால் கணினி சில வேளை மானிட்டரைத் தொலைக்காட்சி என்று எண்ணிக்கொள்ளும். கறுப்பு எழுத்து சாம்பலாகத் தெரியும். திருத்தக் குறிப்புகளின் சிவப்பு எழுத்து கரைந்து மங்கும். திரைச் செலுத்தியின் (கிராபிக்ஸ் டிரைவர்) அமைப்பில் வெளியீட்டை ஆர்ஜிபி என்றும் முழு வீச்சு (ஃபுல் ரேஞ்ச்) என்றும் மாற்றுங்கள். மெய்ப்பு பார்ப்பவர்கள் இதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

விண்டோஸில் எழுத்தைக் கூர்மையாக்கும் கிளியர்டைப் முறையைச் சரிசெய்யும் கருவியை ஒருமுறை ஓட்டி, உங்கள் கண்ணுக்குத் தெளிவான மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 முறை படம் புதுப்பிக்கும் திரை வாங்கியிருந்தால் மேம்பட்ட காட்சி அமைப்பில் போய்ப் பாருங்கள். பல கணினிகளில் அது 60-லேயே நிற்கும். 100-க்கு மாற்றினால் பக்கம் உருட்டும்போது எழுத்து நன்றாக நிற்கிறது.

உயரம்: திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி (பைஃபோகல்) அணிபவர்கள் இன்னும் தாழ்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலிக்கும்.

11. குறை இருந்தால்

ஏழு நாளுக்குள் என்றால் விற்றவரிடம், அதன் பிறகு தயாரிப்பாளரிடம். தொலைபேசியில் பேசினாலும் அதே நாளில் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். புகார் எண், பில், வரிசை எண், படங்கள் நான்கும் இணைந்திருக்கட்டும். கசிவைப் படம் எடுக்கும்போது தானியங்கி ஒளிப்பதிவு அதை மிகைப்படுத்திவிடும். கண்ணுக்குத் தெரிவதுபோல் வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால்தான் எதிர்த்தரப்பு நம்பும். எனக்கு வந்த ஒரு திரையில் கீழ்மூலைக் கசிவை ‘ஐபிஎஸ்ஸில் இது சகஜம்’ என்று கடையில் தள்ளிவிட்டார்கள். மூன்று வேறு கோணங்களிலிருந்து எடுத்த படங்களில் ஒளி இடம் மாறாததைக் காட்டிய பிறகு மாற்றித் தந்தார்கள்.

பதிலே வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முறையிடலாம். குறை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை காலம் உண்டு. ரூ.5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். இதுவரை போக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. 1915-இல் பதிவான எண்ணைக் குறிப்பிட்டு எழுதும் மின்னஞ்சலுக்குப் பதில் விரைவாக வருவதைக் கண்டிருக்கிறேன்.

மாற்றுத் திரை வந்தால் ஒன்பதாம் படியை முதலிலிருந்து மீண்டும் செய்யுங்கள். புதிய வரிசை எண்ணைச் சேவைச் சீட்டில் எழுதி வாங்கிப் பழைய பில்லோடு சேர்த்து வையுங்கள். வாரன்டி பெரும்பாலும் முதல் பில் தேதியிலிருந்தே ஓடும், ஆனால் எண் பொருந்தாவிட்டால் அடுத்த முறை சேவை மையத்தில் பேச்சே தொடங்காது.